போனை யாரும் தொடவில்லை, பில்லில் மட்டும் வெளிநாட்டு அழைப்பு

வாட்ஸ்அப்பில் வருடத்துக்கு ஒரு தடவையாவது சுற்றி வரும் எச்சரிக்கை ஒன்று உண்டு. +375, +371, +381, +255 என்று தொடங்கும் எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்காதீர்கள், எடுத்தாலே காசு போய்விடும். திருப்பிக் கூப்பிட்டால் மூன்றே விநாடியில் உங்கள் போனில் உள்ள எண்கள், வங்கி விவரம் எல்லாவற்றையும் உருவிவிடுவார்கள். யாராவது 90# அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள், உங்கள் செலவில் அவர்கள் பேசுவார்கள். கடைசியில் வழக்கம்போல, உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்.

இதில் கால்வாசி உண்மை, மிச்சம் கதை. +375 பெலாரஸ், +371 லாட்வியா, +381 செர்பியா, +255 தான்சானியா. நம்மைப் போன்றவர்கள் குடியிருக்கும் சாதாரண நாடுகள்தான். சொந்த ஊரில் இருந்துகொண்டு, வருகிற அழைப்பை எடுப்பதற்கு லேண்ட்லைனில் கட்டணம் கிடையாது. ஒரு குரல் அழைப்பு உங்கள் போனுக்குள் புகுந்து எண்களையும் வங்கி விவரத்தையும் அள்ளிக்கொண்டு போகவும் முடியாது. அதில் போவது குரல் மட்டும்தான். 90# விஷயம் அமெரிக்காவில் சில அலுவலகங்களின் உள் எக்ஸ்சேஞ்சுகளைப் பற்றியது. அங்கே 9 அழுத்தினால் வெளி லைன், 0 அழுத்தினால் ஆபரேட்டர். வீட்டு போனில் அப்படி ஏற்பாடே இல்லை.

உண்மையான அந்தக் கால்வாசி என்ன? யாரும் பேசாமலேயே வீட்டு போன் பில்லில் வெளிநாட்டு அழைப்பு ஏறுவது நிஜமாகவே நடக்கிறது, பல நாடுகளில் நடந்திருக்கிறது. ஆனால் காசு எந்த வழியாகப் போகிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எந்த எண்ணைக் கண்டால் பயப்பட வேண்டும் என்று மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். காசு போகும் வழி தெரிந்துவிட்டால் பட்டியலே தேவையில்லை.

பில்லுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது

ஒரு பில் வரியை எடுத்துக்கொள்வோம். தேதி, இரவு 2:14, 00677 என்று தொடங்கும் ஓர் எண், சாலமன் தீவுகள், 11 நிமிடம், அதற்கான தொகை. வீட்டில் இருப்பது வயதான அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் பையன். சாலமன் தீவுகள் எந்தக் கடலில் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

முதல் சண்டை வீட்டுக்குள் நடக்கும். பையன் மேல் சந்தேகம், வேலைக்கு வரும் அக்கா மேல் சந்தேகம். அடுத்த சண்டை கம்பெனியோடு. “நாங்க பேசவே இல்லை” என்று இவர்கள், “எங்க சிஸ்டத்துல பதிவாகியிருக்கு சார்” என்று அவர்கள். இரண்டு பேர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். அங்கேதான் குழப்பமே.

ஒவ்வொரு அழைப்புக்கும் எக்ஸ்சேஞ்ச் ஒரு சின்னக் குறிப்பு எழுதி வைக்கும். இதற்கு அழைப்புப் பதிவு என்று பெயர். எந்த இணைப்பிலிருந்து, எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அதில் இருக்கும். யார் பேசினார்கள், பேசினார்களா இல்லையா என்பது இருக்காது. மனிதர் கை பட்டதா, ஒரு கணினி டயல் செய்ததா என்றும் அதற்குத் தெரியாது. பில் என்பது இந்தப் பதிவுகளைக் கூட்டிப் போட்ட கணக்கு.

நேரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? எதிர்முனை எடுத்ததும், அந்தப் பக்கத்து எக்ஸ்சேஞ்ச் “எடுத்தாகிவிட்டது” என்று ஒரு தகவலைத் திருப்பி அனுப்பும். இது பதில் சமிக்ஞை. மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்தில் பேசியவர்களுக்கு இது நினைவிருக்கும். மணி அடிக்கிற வரைக்கும் மீட்டர் சும்மா இருக்கும். அங்கே எடுத்ததும் சிவப்பு எண்கள் ஓட ஆரம்பிக்கும். பூத்தில் இருந்த மீட்டருக்குப் பேச்சு கேட்காது. எக்ஸ்சேஞ்ச் கம்பி வழியாக அனுப்பிய அந்தச் சமிக்ஞையைப் பார்த்துத்தான் அது ஓடியது.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. எடுத்தாகிவிட்டது என்று சொல்வது எதிர்முனைதான்; நம் பக்கத்தில் அதைச் சரிபார்க்க வழியில்லை. யாருமே எடுக்காதபோது எடுத்ததாகச் சொல்லிவிட்டு, நம் காதில் இன்னும் மணி அடிக்கும் ஓசையையே ஓட்டிக்கொண்டிருப்பதும் நடக்கிறது. ‘ரொம்ப நேரம் அடிக்குதே, எடுக்க மாட்டேங்கிறாங்களே’ என்று நாம் காத்திருக்கும்போதே நிமிடங்கள் ஏறிக்கொண்டிருக்கும்.

ஆக, நம் லைனிலிருந்து ஓர் எண் டயலானது, எதிர்முனை பதில் சமிக்ஞை கொடுத்தது. பில்லுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஓர் அழைப்பு, பல கைகள்

மதுரையிலிருந்து வெளிநாட்டில் ஒரு சிற்றூருக்கு பார்சல் அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். புக்கிங் ஆபீசில் பணம் கட்டுகிறீர்கள். அவர்கள் சென்னை வரை லாரியில் ஏற்றுவார்கள். அங்கிருந்து வேறு ஒருவர் கப்பல் வரை, பிறகு இன்னொருவர், கடைசியில் அந்த ஊர் ஆள் வீட்டு வாசலில் இறக்குவார். கை மாறும்போதெல்லாம் அடுத்தவருக்குக் கூலி போகிறது. நீங்கள் பார்ப்பது முதல் ரசீதை மட்டும்.

வெளிநாட்டு அழைப்பும் இப்படித்தான் கை மாறிப் போகிறது. உங்கள் கம்பெனி அதை ஒரு சர்வதேசக் கம்பெனியிடம் கொடுக்கும், அது இன்னொன்றிடம் கொடுக்கும், கடைசியில் அந்த நாட்டின் தொலைபேசி நிறுவனம் உரியவர் வீட்டில் மணி அடிக்க வைக்கும். அந்தக் கடைசிக் கை வாங்கும் கூலிக்கு டெர்மினேஷன் கட்டணம் என்று பெயர்.

இந்தியாவும் இதை வாங்குகிறது. வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் அழைப்புக்கு இங்குள்ள நிறுவனம் நிமிடத்துக்கு 53 பைசா வாங்கிக்கொண்டிருந்தது. 2018 பிப்ரவரியிலிருந்து தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை 30 பைசாவாகக் குறைத்தது, அதன் பிறகும் அது மாறியிருக்கிறது. துபாயிலிருந்து அண்ணன் பேசும்போது அவர் கட்டும் காசில் ஒரு துளி இங்கே வந்து சேருகிறது என்று அர்த்தம். மக்கள் தொகை கோடிக்கணக்கில், அழைப்புகளும் கோடிக்கணக்கில் என்பதால் பைசாவில் கட்டுப்படியாகிறது.

சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் ஒரு பசிபிக் தீவை நினைத்துப் பாருங்கள். செயற்கைக்கோளோ கடலடிக் கம்பியோ போட்ட செலவை அந்தக் கொஞ்ச நிமிடங்களில்தான் எடுக்க வேண்டும். அதனால் அங்கே கட்டணம் அதிகம். செயற்கைக்கோள் போன்களுக்கும் இதே கதிதான். +870, +881 என்று தொடங்குபவை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத, கப்பலிலும் பாலைவனத்திலும் பயன்படும் செயற்கைக்கோள் எண்கள். இப்படிப்பட்ட இடங்களுக்கு நம் ஊர்க் கட்டண அட்டையில் நிமிடத்துக்கு நூறு ரூபாயைத் தாண்டுவது உண்டு.

சுருக்கமாக: கட்டணத்தை நிர்ணயிப்பதில் தூரத்தைவிடக் கடைசிக் கை கேட்கும் கூலிக்குத்தான் பங்கு அதிகம். லண்டனுக்கு மலிவாகவும், கியூபாவுக்கு விலை கூடுதலாகவும் இருப்பது அதனால்தான்.

கடைசிக் கையோடு கூட்டுச் சேர்ந்தால்

பார்சலை வாசலில் இறக்கும் ஆள், வாங்குகிறவரிடம் போய், “உனக்கு எவ்வளவு பார்சல் வந்தாலும் என் கூலியில் பாதி உனக்கு” என்று சொன்னால் என்ன ஆகும்? அவர் ஊரெல்லாம் சொல்லி, ஏமாற்றியாவது தன் முகவரிக்குப் பார்சல் வரவழைப்பார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்ற கவலை அவருக்கு இல்லை.

தொலைபேசியில் இதற்கு வருவாய்ப் பங்கு மோசடி என்று பெயர். விலை கூடிய ஒரு நாட்டின் எண்களை ஒருவர் மொத்தமாக வாடகைக்கு எடுக்கிறார். அந்த எண்களுக்கு வரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவருக்குப் பங்கு உண்டு. இனி அவர் வேலை ஒன்றுதான்: உலகத்தில் எங்கிருந்தாவது, யார் போனிலிருந்தாவது, அந்த எண்களுக்கு அழைப்பு வரச் செய்வது. அழைப்பு எவ்வளவு நேரம் நீள்கிறதோ அவ்வளவு லாபம்.

பங்கு பிரிப்பது எல்லாமே திருட்டு என்று சொல்ல முடியாது. துவாலு என்ற குட்டி நாடு 1990களில் தன் +688 எண்களைப் பாலியல் பேச்சு சேவைகளுக்கு விட்டு அரசுக்கு வருமானம் பார்த்தது. கூப்பிட்டவர்கள் தெரிந்தேதான் கூப்பிட்டார்கள், விலைதான் சிலருக்குப் பில் வந்த பிறகு தெரிந்தது. மோசடிக்காரர்கள் அதே குழாயில் தண்ணீர் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

பல சமயம் அழைப்பு அந்தத் தீவுக்குப் போவதே இல்லை. நடுவில் இருக்கும் ஏதோ ஒரு கை, “இது அந்த நாட்டு எண், நான் சேர்த்துவிடுகிறேன்” என்று வாங்கி, வேறெங்கோ உள்ள ஒரு கணினியில் முடித்துவிட்டுத் தீவுக் கட்டணத்தை வசூலிக்கும். தீவில் யார் வீட்டிலும் மணி அடிக்காது. அந்த நாட்டின் தொலைபேசி நிறுவனத்துக்கு இதில் ஒரு காசுகூட வராமல் போகலாம். பில்லில் மட்டும் ஊர் பெயர் அச்சாகும். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. கெட்ட பெயர் முழுக்க அந்தத் தீவுகளுக்கு, காசு வேறு யாருக்கோ.

எண் டயலாவது எப்படி

மோசடிக்காரருக்கு வேண்டியது உங்கள் லைனிலிருந்து ஓர் அழைப்பு. அது பல வழிகளில் கிடைக்கிறது. சில வழிகளில் மோசடியே இல்லை, வெறும் கைத்தவறுதான். அதிலிருந்து தொடங்குவோம்.

*ஒரு பூஜ்யம் கூடிப்போனால்*

இந்தியாவில் லேண்ட்லைனிலிருந்து வெளியூருக்கு 0, வெளிநாட்டுக்கு 00. பல அலுவலகங்களில் வெளி லைன் பிடிக்க முதலில் 0 அழுத்துவார்கள். வருடக்கணக்கில் அப்படிப் பழகிய கை வீட்டுக்கு வந்தும் ஒரு 0 சேர்த்துவிடும். திருச்சிக்கு 0431. அதன் முன்னால் இன்னொரு 0 போனால் 00-43-1. 43 ஆஸ்திரியா, அதில் 1 வியன்னா. திருச்சியின் ஏழு இலக்க எண் வியன்னாவுக்கும் பொருந்தும் நீளம்தான், ஆகவே அங்கே யார் வீட்டிலாவது மணி அடிக்க நல்ல வாய்ப்பு உண்டு. மதுரைக்கு 0452. பூஜ்யம் கூடினால் 00-45, டென்மார்க். அந்த நாட்டு எண்கள் எட்டு இலக்கம். மிச்சமிருக்கும் 2-ம் மதுரையின் ஏழு இலக்கமும் சேர்ந்து சரியாக எட்டு! சென்னைக்காரர்களுக்கு யோகம்: 044 என்பது 0044 ஆகி பிரிட்டனுக்குப் போனாலும், இலக்கம் போதாமல் இணைப்பு கிடைக்காது.

இப்படி ஏறும் அழைப்புகள் பில்லில் குட்டி குட்டியாக இருக்கும். “ஹலோ, யாருங்க?” என்று கேட்டு, புரியாத மொழி காதில் விழுந்ததும் வைத்துவிட்ட அழைப்புகள்.

*உள்ளூர் போலத் தெரியும் வெளிநாடு*

கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு வேறு பிரச்சினை. +1 என்பது அந்த இரண்டு நாடுகளுக்கு மட்டும் சொந்தமானதல்ல. கரீபியன் தீவுகள் பலவும் அதே எண் திட்டத்துக்குள் வருகின்றன. ஜமைக்கா 876, டொமினிகன் குடியரசு 809, பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகள் 284, கிரெனடா 473. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் 416, 647 எண்களோடு புழங்கும் ஒருவருக்கு 473 பக்கத்து ஊர் எண் போலத்தான் தெரியும். வெளிநாட்டுக்கு அழுத்த வேண்டிய 011-ம் இங்கே தேவையில்லை. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அழைப்பு எல்லை தாண்டிவிடும்.

பிரிட்டனில் ஜெர்சி, கெர்ன்சி, மேன் தீவு எண்கள் பார்ப்பதற்கு உள்ளூர் போலவே இருக்கும். ஆனால் பல இலவச அழைப்புத் திட்டங்களில் அவை சேராது.

*ஒரு ரிங், அப்புறம் மௌனம்*

வாட்ஸ்அப் எச்சரிக்கையின் உண்மையான பகுதி இதுதான். வாங்கிரி என்று பெயர், 2000களின் தொடக்கத்தில் ஜப்பானில் பரவிய உத்தி. ஒரு கணினி ஆயிரக்கணக்கான எண்களுக்கு ஒரே ஒரு ரிங் கொடுத்துத் துண்டிக்கும். எடுக்காத அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்பதால் அவர்களுக்குச் செலவு சொற்பம். நூறில் ஒருவர் யாரோ என்று திருப்பிக் கூப்பிட்டாலும் லாபம்தான். எதிர்முனையில் மணி ஓசையோ, பாட்டோ, “கொஞ்சம் பொறுங்கள்” என்ற குரலோ ஓடிக்கொண்டிருக்கும். நம் ஊரில் மிஸ்டு கால் என்பது ஒரு பாஷை: ‘வந்துட்டேன்’, ‘திருப்பிக் கூப்பிடு’, ‘பஸ் ஏறிட்டேன்’ எல்லாம் அதில் அடக்கம். வலை விரிக்க இதைவிடத் தோதான ஊர் கிடையாது.

ஆக, காசு போவது திருப்பிக் கூப்பிடும்போது மட்டும். தெரியாமல் எடுத்துவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

*மோடம் செய்த வேலை*

இது இப்போது பழங்கதை, ஆனால் மேலே சொன்ன இயந்திரம் முழுதாக ஓடியதைப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் இல்லை. தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்த காலத்தில், மோடம் என்ற பெட்டி ஓர் உள்ளூர் எண்ணை டயல் செய்துதான் இணைப்பைப் பிடிக்கும். அதாவது, வீட்டில் மனிதர்களைத் தவிர டயல் செய்யத் தெரிந்த ஒரு பொருளும் இருந்தது.

1997-இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் ஒரு வழக்கைக் கையில் எடுத்தது. சில ஆபாசத் தளங்கள், படங்களை இலவசமாகப் பார்க்க ஒரு மென்பொருளை இறக்கிக்கொள்ளச் சொல்லியிருந்தன. அதை இறக்கியதும் அது மோடத்தின் ஒலியை அடக்கும், உள்ளூர் இணைப்பைத் துண்டிக்கும், சத்தமில்லாமல் மால்டோவா நாட்டு எண் ஒன்றை டயல் செய்யும். நிமிடத்துக்கு 2 டாலருக்கு மேல். தளத்தை மூடிவிட்டு வேறு வேலை பார்த்தாலும் இணைப்பு அப்படியே இருக்கும். கணினியை அணைத்தால்தான் அறுபடும். இதில் வேடிக்கை, மால்டோவா என்று பில் வந்த அழைப்புகள் கனடா வரைதான் போயிருந்தன. கடைசியில் ஏறக்குறைய 38,000 பேருக்கு 27 லட்சம் டாலருக்கு மேல் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

அதோடு ஓயவில்லை. ஐரோப்பாவில் இதே உத்தி பல ஆண்டுகள் ஓடியது. அயர்லாந்தில் புகார்கள் மலைபோலக் குவிய, 2004-இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்காற்று அமைப்பான காம்ரெக் ஒரு தடாலடி முடிவெடுத்தது. குக் தீவுகள், நவுரு, துவாலு, டோகெலாவ், நோர்ஃபோக் தீவு, டியேகோ கார்சியா, சாவோ டோமே உட்பட 13 இடங்களுக்கு நேரடியாக டயல் செய்வதையே நிறுத்தச் சொன்னது. உண்மையிலேயே அங்கே பேச வேண்டியவர்களுக்காக, சரியான எண்களைத் தனியே அனுமதிக்கும் ஏற்பாடும் இருந்தது. ஒரு நாடு பதின்மூன்று இடங்களின் போனை மொத்தமாகத் துண்டிப்பது சாதாரணம் இல்லை. காசு போகும் வழியை அடைத்தால் போதும், ஏமாற்றுகிறவரைத் தேடி அலைய வேண்டாம் என்று காம்ரெக்குக்குப் புரிந்திருந்தது என்பது என் கணிப்பு.

*ரவுட்டருக்குள் ஒரு போன்*

செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்த பிறகு, வீட்டு போன் பெரும்பாலும் ரவுட்டரின் பின்னால் செருகப்படுகிறது. வெளியே பார்க்க அதே பழைய போன், உள்ளே அது ஓர் இணையக் கணக்கு. மின்னஞ்சலுக்கு இருப்பதுபோலப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதற்கு உண்டு. அவை கையில் கிடைத்தவர் உலகின் எந்த மூலையில் உட்கார்ந்தும் உங்கள் எண்ணிலிருந்து பேசலாம்.

2014 பிப்ரவரியில் ஜெர்மனியில் இது நடந்தது. அங்கே வீடு வீடாக இருக்கும் ஃப்ரிட்ஸ்பாக்ஸ் ரவுட்டரின் தொலைதூர அணுகல் வசதியில் (வெளியிலிருந்தே இணையம் வழியாக ரவுட்டரை இயக்கும் வசதி) இருந்த ஓட்டை வழியாக நுழைந்தவர்கள், அதில் ஒரு கூடுதல் போனைப் பதிவு செய்து, விலை கூடிய வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகளை ஓடவிட்டார்கள். ஃபாக்லாந்து தீவுகளுக்குப் போன அழைப்புகளால் ஆயிரக்கணக்கான யூரோ பில் வந்தவரும் உண்டு. தயாரிப்பு நிறுவனமான ஏ.வி.எம். அவசரமாகத் திருத்திய மென்பொருளை வெளியிட்டது. அதைப் போட்டுக்கொள்ளாதவர்கள் மேலும் சில வாரங்கள் ஆபத்தில் இருந்தார்கள்.

இந்த வகையில் வீட்டில் யாரும் எதையும் அழுத்தவில்லை, போன் அடிக்கவும் இல்லை. ராத்திரி எல்லோரும் தூங்கும்போது நடந்து முடிந்துவிடும்.

*மிச்சம் சில*

அழைப்பைத் திசை திருப்பும் வசதி ஒன்று உண்டு. உங்கள் எண்ணுக்கு வருவது வேறு எண்ணுக்குப் போகும், அந்த இரண்டாவது பாதிக்கான செலவு உங்களுடையது. “கஸ்டமர் கேரிலிருந்து பேசுறோம், *401* போட்டு இந்த எண்ணை அழுத்துங்க” என்பது இந்தியாவில் ஓடிய தந்திரம். இங்கே அதன் குறி பெரும்பாலும் ஓ.டி.பி.தான், பில் அல்ல. தொல்லை தாங்காமல் தொலைத்தொடர்புத் துறை 2024 ஏப்ரல் 15 முதல் இப்படிக் குறியீடு அழுத்தித் திசை திருப்பும் வசதியை நிறுத்தச் சொன்னது.

தெருமுனைப் பெட்டியில் கம்பியைத் தொட்டுப் பேசுவது, பழைய கார்ட்லெஸ் போனில் பக்கத்து வீட்டு கார்ட்லெஸ் ரிசீவர் உங்கள் லைனைப் பிடித்துக்கொள்வது, இவையும் உண்டு. செம்புக் கம்பி இன்னும் இருக்கும் வீடுகளுக்கு மட்டும்.

பில்லைப் படித்தே பாதி கண்டுபிடிக்கலாம்

சண்டைக்குப் போகும் முன் விவரமான பில்லை வாங்குங்கள். மொத்தத் தொகை மட்டும் உள்ள ஒற்றைத் தாளால் பயனில்லை. ஒவ்வொரு அழைப்பும் வரிவரியாக வேண்டும்.

முதலில் நேரம் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறதா பாருங்கள். 2:14-க்குத் தொடங்கிய அழைப்பு 2:25 வரை ஓடியிருக்கிறது, ஆனால் 2:17-க்கு இன்னொன்று தொடங்கியிருக்கிறது என்றால் அது பொன்னான தடயம். கான்ஃபரன்ஸ் வசதி எடுக்காத சாதாரணச் செம்புக் கம்பியில் ஒரு போன் ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு டயல் செய்ய முடியாது. அப்படி இருந்தால் இணையக் கணக்கு கைமாறியிருக்க வேண்டும், அல்லது அழைப்பு திசை திருப்பப்பட்டிருக்க வேண்டும். பையனை விட்டுவிடலாம்.

நீளமும் பேசும். மனிதர்கள் பேசும் அழைப்புகள் 3 நிமிடம், 17 நிமிடம், 1 நிமிடம் என்று தாறுமாறாக இருக்கும். எல்லாமே ஏறக்குறைய ஒரே நீளம், ஒன்று முடிந்த கையோடு அடுத்தது, கடைசி இலக்கம் மட்டும் மாறும் எண்கள் என்றால் டயல் செய்தது இயந்திரம். வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு வரை நீள்வதும் வழக்கம். கம்பெனியில் கண்காணிக்கும் ஆட்கள் குறைவாக இருக்கும் நேரம் அது.

ஒரே ஓர் அழைப்பு, அதற்குச் சற்று முன் உங்கள் போனில் அதே எண்ணிலிருந்து தவறிய அழைப்பு இருந்தால் வாங்கிரி. ஒரே ஒரு நிமிடம், ஆஸ்திரியா அல்லது டென்மார்க் என்றால், திருச்சியிலும் மதுரையிலும் யாருக்கு உறவு என்று வீட்டில் கேளுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது

வெளிநாட்டில் இருப்பவர்களோடு எல்லாம் வாட்ஸ்அப்பில் பேசும் காலத்தில், வீட்டு லேண்ட்லைனில் ஐ.எஸ்.டி. திறந்திருக்க வேண்டிய தேவை ரொம்பக் குறைவு. எழுதிக் கொடுத்து மூடிவிடுங்கள். போனில் உள்ள பூட்டுப் பொத்தானை நம்ப வேண்டாம்; பூட்டு எக்ஸ்சேஞ்சில் இருக்க வேண்டும். போனில் போட்ட பூட்டு அந்தக் கருவியை மட்டும் தடுக்கும், கம்பியையோ கணக்கையோ தடுக்காது. கனடாவில் இருப்பவர்கள் கேட்கும்போது, ‘வெளிநாடு’ என்பதில் கரீபியன் +1 எண்களும் அடங்குமா என்று தனியாகக் கேட்பது நல்லது.

ஃபைபர் இணைப்பென்றால் ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள், தொலைதூர அணுகல் வசதி தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

பணம் ஏற்கெனவே ஏறிவிட்டால் வேகம் முக்கியம். கம்பெனி ஏன் விட்டுக்கொடுக்க மறுக்கிறது என்பது இப்போது புரியும்: அந்தப் பணத்தில் பெரும்பகுதி அவர்களிடம் தங்குவதில்லை, அடுத்த கைக்குப் போக வேண்டியது. ஆனால் கைகளுக்கு இடையில் கணக்குத் தீர்ப்பது உடனுக்குடன் நடப்பதில்லை. தீர்ப்பதற்கு முன்பே மோசடி என்று தெரிந்தால் அவர்களும் மேலே கொடுப்பதை நிறுத்திவைக்கக் கேட்கலாம். இரண்டு மாதம் கழித்துப் போய் நின்றால் அந்த வாய்ப்பு இருக்காது.

இந்தியாவில் முதலில் கம்பெனியின் புகார் மையத்தில் பதிவு செய்து டாக்கெட் எண் வாங்குங்கள். திருப்தி இல்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம். டிராய்க்கு எழுதிப் பயனில்லை, அது தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. கனடாவில் சி.சி.டி.எஸ். என்ற தனி அமைப்பு இதற்கென்றே இருக்கிறது.

புகாரில் ‘நாங்கள் பேசவே இல்லை’ என்று மட்டும் எழுதினால், பதிவில் இருக்கிறது என்ற பதில்தான் வரும். எந்தெந்த வரிகள், எந்த நேரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கின்றன, அந்த நேரத்தில் எந்தச் சாதனம் கணக்கில் பதிவாகியிருந்தது, திசை திருப்பும் வசதி எப்போது இயக்கப்பட்டது என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். கூடவே, சர்ச்சைக்குரிய தொகையைத் தனியே நிறுத்திவைக்கச் சொல்லி, மற்ற பில்லை வழக்கம்போலக் கட்டிவிடுங்கள். புகார் நடக்கும்போது ‘பாக்கி’ என்று சொல்லி லைனை அறுத்துவிட்டால், அதை மறுபடி வாங்குவது தனி அலைச்சல்.